நூற்றுப் பதினெட்டுப் பச்சைப் புள்ளிகள்

ஜூன் 4

அண்ணி,

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விசாரித்தேன். தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டீர்களாம். "நிதானமா நடந்து வந்தாங்க, மூடியத் திறந்து போட்டாங்க, மூடிட்டுப் போயிட்டாங்க" என்றார். அதனால்தான் கடிதம். நாள் முழுக்க போனில் பேசிப் பிழைக்கிறவளுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று வாசலிலேயே வைத்து "உள்ள வராத" என்றீர்கள். திரும்பிவிட்டேன். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. குட்டிக்காக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இருந்த காசநோய் காற்றில் பரவுவது. நாலு மாதமும் அவள் அவர் மார்பில் படுத்துத் தூங்கியவள். ஐந்து வயதுக்காரிக்கு அது ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டாலும், வராமல் தடுக்க மாத்திரை உண்டு. உங்கள் பகுதிக்கு மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வரும் பைக்காரம்மா இரண்டு முறை வந்தாராம். நீங்கள் கதவைத் திறக்கவில்லையாம். உள்ளே குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது என்று என்னிடம் சொன்னார்.

இன்னொன்று. இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கள் காசநோய் அலுவலகத்தின் முறை உங்களுக்குத் தெரியும். மாத்திரை அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கு அடியிலும் ஒரு போன் நம்பர் மறைந்திருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், இங்கே என் திரையில் அவர் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் பச்சைப் புள்ளி விழும். அண்ணனுக்கு ஜனவரி 12 முதல் மே 9 வரை நூற்றுப் பதினெட்டு நாள். நூற்றுப் பதினெட்டுப் பச்சை. எங்கள் பட்டியலிலேயே அவருக்குத்தான் முதல் இடம்.

ஒரு நாள்கூட விடாமல் மருந்து சாப்பிட்டவர் இரத்தம் கக்கி இறந்தார் என்றால், அது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கும் என்கிறார் எங்கள் அலுவலக டாக்டர். அப்படியானால் குட்டிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தே வேறு. அவர் சாப்பிடாமல் விட்டிருந்தால் யோசிக்கிற விதமும் வேறு. இவ்வளவு சின்னக் குழந்தையிடம் சளி எடுத்துப் பார்ப்பது சுலபமில்லை. அப்பா என்ன சாப்பிட்டார் என்பதை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் மாத்திரையைச் சாப்பிட்டாரா, அண்ணி?

முதலில் குட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பதிலைப் பிறகு எழுதினால் போதும்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 19

போன்காரிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயர். அவர் வாயால் கேட்டால் சிரிப்பு வரும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாப்பிட்டாரா என்று என்னையா கேட்கிறாய்? உன் கம்ப்யூட்டர் சொல்லவில்லையா? முதல் இடம் என்று வேறு எழுதியிருக்கிறாய். நல்ல இடம்தான். அவர் இப்போது படுத்திருக்கிற இடத்தை நீயும் பார்த்தாய்.

போனை ஏன் தொட்டியில் போட்டேன் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். அவர் போன நாளிலிருந்து சார்ஜ் இல்லாமல் கிடந்த போனை ஒன்பதாவது நாள்தான் சார்ஜில் போட்டேன். குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எடுத்தால் நீ பேசுகிறாய். "வணக்கம். நேற்று உங்கள் அழைப்பு வரவில்லை. இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்களா? உங்கள் நலம் எங்களுக்கு முக்கியம்." பதிவு செய்த குரல் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி குரல்தான் மாவட்டம் முழுக்கக் கேட்கிறது என்று உன் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே. குட்டிக்கு என்ன தெரியும்? "அம்மா, அத்தை பேசுறாங்க. அப்பா மாத்திர போட்டாரான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?" என்றாள். மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. அன்றுதான் தொட்டியில் போட்டேன். செத்தவரைக் கூப்பிட்டு மாத்திரை கேட்கிற அலுவலகத்தில் உனக்கு வேலை.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். பின்தெருவில் ஒரு லாரி டிரைவருக்கும் இதே நோய். அவர் வீட்டுக்குப் பைக்காரம்மா மாதம் இரண்டு தடவை போகிறாள். வீட்டிலிருக்கிற அத்தனை பேரையும் பரிசோதித்தாள், பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தாள். நம் வீட்டுக்கு முதல் வாரத்தில் வந்ததோடு சரி. நாலு மாதம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்தத் தங்கச்சி அங்கே உட்கார்ந்திருக்கிறாளே, ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆள் போனபிறகு கதவைத் தட்டுகிறார்கள்.

குட்டிக்கு ஒன்றுமில்லை. பள்ளி விட்டதும் நான் வேலை பார்க்கிற அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு வந்துவிடுகிறாள். அங்கே இருக்கிற தூசிக்கு யாராக இருந்தாலும் இருமத்தான் செய்வார்கள்.

இனி எழுதாதே.

அண்ணி


ஜூன் 27

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். திட்டிக்கொண்டே படியுங்கள்.

ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பதிவை நாங்கள் மூட வேண்டும். மூடினால்தான் அந்தத் தானியங்கி அழைப்பு நிற்கும். அண்ணனுடையது என் பட்டியலில் இருந்ததால் நான்தான் மூட வேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை, 'இறப்பு' என்று ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பதினொரு நாள் எனக்குக் கை வரவில்லை. மூடாமல் விட்டால் என் குரல் உங்கள் வீட்டில் பேசும் என்பது இந்த மரமண்டைக்கு எட்டவில்லை. குட்டி கேட்டதை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பைக்காரம்மா ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நான்தான் நிறுத்தினேன்.

ஜனவரிக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டார். "அந்தப் பையத் தூக்கிட்டு வந்தா தெருவே பாக்குது. வீட்டுக்காரர் என்ன நோய், எத்தனை நாளான்னு துருவறாரு. காலி பண்ணச் சொல்லிட்டா குட்டியத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? நீ அங்கதான இருக்க, ஏதாவது பண்ணேன்" என்றார். பதினான்கு நாள் தொடர்ந்து பச்சை விழுந்தால் வீட்டுக்குப் போவதைக் குறைக்கலாம் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. குறைக்கலாம் என்றுதான் இருக்கிறது. நான் 'தேவையில்லை' என்று போட்டேன். அப்படிப் போட்டால் வீட்டிலிருக்கும் மற்றவர்களைப் பரிசோதிக்கிற வேலையும் பட்டியலிலிருந்து போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். இரண்டாம் மாதம் சளி வரவில்லை என்று சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் இருந்தார். பச்சையாகத்தானே இருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அவர் வரிசைக்குத்தான் போவேன். புள்ளி விழுந்திருந்தால் அப்பாடா என்று எழுந்து போய் டீ குடிப்பேன். அந்தப் புள்ளியைத்தான் அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை இன்னும் எங்கள் மேலாளரிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

போன வாரம் அவருடைய அழைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காலை ஏழு நாற்பதுக்கு. அண்ணன் ஆறரைக்கே அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவார், போன் வீட்டில்தான் இருக்கும். மார்ச் 9, 10 இரண்டு நாளும் அழைப்பு இல்லை, 11ஆம் தேதி ஒரே நிமிடத்தில் மூன்று. இரண்டு நாள் தாமதம் வரை கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு பச்சையாக்கிவிடும். மே 8, 9 இரண்டு நாளும் அவர் மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த இரண்டு நாளும் பச்சை.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் குட்டிக்கு எந்த மருந்து என்பது இந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது. ஒரு வரி போதும், அண்ணி.

நாத்தனார்


ஜூலை 8

போன்காரி,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் உன்னைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போலிருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். இன்று அந்த வேகம் இல்லை. நீ செய்ததைவிட நான் செய்தது பெரிது.

நான்தான் அடித்தேன். நூற்றுப் பதினெட்டும்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது, பத்து மணி டீக்கு அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்றார் உன் அண்ணன். அச்சகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் முதல் நாளே ஒரு மாத அட்டை முழுவதையும் பிதுக்கி, மாத்திரைகளை ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டார். அடியிலிருந்த நம்பர்களை, அச்சாகி வீணாய்ப் போன ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார். அவர் கையெழுத்து உனக்குத் தெரியுமே, அச்சடித்த மாதிரி இருக்கும். "நீ தினம் ஒண்ணு அடிச்சிடு. நான் அங்க போட்டுக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான" என்றார். எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. மாதா மாதம் புதுத் தாள் வரும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, குட்டியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு ஒன்று அடிப்பேன், பென்சிலால் ஒரு கோடு போடுவேன். குட்டி சில நாள் "இன்னைக்கு நான் அமுக்கறேன்" என்று அடம்பிடிப்பாள். அவளும் அமுக்கியிருக்கிறாள்.

ஏப்ரலில் ஆள் பாதியாகிவிட்டார். மாத்திரை போடுகிறீர்களா இல்லையா என்று சண்டை பிடித்தேன். "தங்கச்சியே பச்சைன்னு சொல்றா, உனக்கு என்ன சந்தேகம்?" என்றார். நான் சண்டையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். பார்த்தாயா? நீ என் மிஸ்டு காலைப் பார்த்து அவரை நம்பினாய். நான் உன் பச்சையைக் கேட்டு அவரை நம்பினேன். நடுவில் அவர் சும்மா இருந்தால் போதுமானதாக இருந்தது.

அவர் போய் இரண்டு வாரம் கழித்து, அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறவர் அவர் அலமாரியிலிருந்த சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சட்டை, டிபன் பாக்ஸ், நாலு பாட்டில். முதல் பாட்டில் காலி. இரண்டாவதில் பாதி இருக்கிறது. மூன்றாவதும் நாலாவதும் கழுத்து வரைக்கும். "மாத்திர போட்டா கை நடுங்குதுன்னாரும்மா. போன வருஷம் அந்த மெஷின்ல ஒருத்தருக்கு விரல் போச்சே, அந்த பயம். விட்டு விட்டுப் போட்டாரு. அப்புறம் விட்டுட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மே 8, 9 கேட்டாயே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அடித்தேன். உள்ளே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, நான் வெளியே தாளை விரித்து நம்பர் பார்க்கிறேன். அடிக்காவிட்டால் உனக்குச் சிவப்பு விழும், தூரத்தில் இருக்கிற பெண் பதறிப்போவாள் என்று நினைத்தேன். ஒன்பதாம் தேதி பதினொரு மணிக்கு அவர் போனார். அன்று காலையும் உனக்குப் பச்சைதான் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 11. அந்த மூன்று நாளும் குட்டிக்குக் காய்ச்சல். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை, மறந்துவிட்டேன். ஞாபகம் வந்ததும் மூன்றையும் சேர்த்து அடித்தேன். அந்தக் காய்ச்சல் அப்புறம் முழுசாக விடவில்லை. ஜனவரியில் வாங்கிய பள்ளிப் பாவாடைக்கு இப்போது ஊக்குக் குத்தி அனுப்புகிறேன். தூசி என்று உனக்கு எழுதினேன். எனக்கே அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்பார்கள். நான்தான் அடித்தேன் என்று சொல்ல வேண்டிவரும். புருஷனைச் சாகவிட்டவள் கையில் குழந்தையை எதற்கு விடுவது என்று அவளைப் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 21

மேலே எழுதியது பதின்மூன்று நாளாக அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. போடலாமா வேண்டாமா என்று தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்தேன். நேற்று குட்டி மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். உலுக்கினாலும் எழவில்லை. எழுந்ததும் தலை வலிக்கிறது என்றாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். "வெளிச்சம் குத்துதும்மா" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று தபாலில் போடுகிறேன்.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இது பைக்காரம்மாவின் கையெழுத்து. தட்டியும் நீங்கள் திறக்காததால் உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, நான் போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறார். எழுதி முடித்ததும் கதவுக்கு அடியில் தள்ளுவார். உங்கள் கடிதம் பதினொரு மணிக்கு என் கைக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு.

கடைசிப் பத்தியை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு நோய் ஏறியிருக்கலாம் என்கிறார். நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. தெரு முனையில் வண்டி நிற்கிறது. வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும், தெரு பார்த்தால் பார்க்கட்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். நாலு பாட்டிலையும் இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டார் என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய பதில். அதிலிருந்து அவர் மருந்தை முடிவு செய்கிறார்.

உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குழந்தையை யாரும் பிடுங்க மாட்டார்கள். நான் செய்ததை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். திரை முன்னாலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள். விசாரணை இருக்கிறது, அது என் பாடு. அடுத்த பஸ்ஸில் நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

இனி வருவது பைக்காரம்மாவாகிய நான் எழுதுவது. அம்மா, நான் இங்கிருந்து போகப் போவதில்லை. நீங்கள் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். சீக்கிரம் திறங்கம்மா.


ஆகஸ்ட் 3
தனி வார்டு

போன்காரி,

எதிரே குட்டி இருக்கிற கட்டிடத்தில் நிற்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். என் தலையெழுத்து.

நேற்று சொல்லிவிட்டார்கள். என் சளியிலும் கிருமி இருக்கிறது, குட்டிக்கு இருக்கிற அதே சாதி, முக்கியமான இரண்டு மருந்துக்கும் அடங்காதது. உன் அண்ணன் பாதியில் பாதியில் விட்டதில் கிருமி பழகிக்கொண்டதாம். எனக்கு ஒன்றரை வருடம் மருந்து. மற்றவர்களுக்குப் பரவக் கூடாது என்று என்னை இங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவளுக்கு முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கிறார்கள், நான் இங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நர்ஸ் நல்ல பெண். தன் போனில் வீடியோ போட்டுக் குட்டியைக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். திரையைப் பார்த்து நம்பினது போதும்.

நீ அவள் பக்கத்தில் உட்கார். தினமும் ஒரு சீட்டு எழுதி ஆயாவிடம் கொடுத்தனுப்பு. எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது. நீ கண்ணால் பார்த்தது மட்டும். என்னைத் தேற்றுகிறேன் என்று பூசி மெழுகினாயோ, அப்புறம் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

அவளுக்கு வலது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும். நர்ஸிடம் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 4
ஐந்து மாத்திரை, பொடி செய்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். வாந்தி இல்லை. வலது பக்கம் படுக்க வைத்தோம். என்னைப் பார்த்தாள். தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 6
ஐந்தும் போனது. அரை மணியில் வாந்தி. திரும்பக் கொடுத்தார்கள், தங்கியது. மத்தியானம் "அம்மா எங்க?" என்றாள், அண்ணி. தெளிவாகக் கேட்டாள். எதிரில் இருக்கிறார், அவரும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். "கசக்குதான்னு கேளு" என்றாள்.

ஆகஸ்ட் 7
ஐந்தும். வாந்தி இல்லை. பால் நாலு ஸ்பூன்.

ஆகஸ்ட் 10
ஐந்தும். காய்ச்சல் இறங்கவில்லை. இடது கை அசைவது குறைந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அவர் முகம் நன்றாக இல்லை. பூசி மெழுகக் கூடாது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன்.

வேறொரு செய்தி. விசாரணையில் உங்கள் வீட்டுத் தாளைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாளும் விடாமல் பச்சையாக இருந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது ஆள் அனுப்புகிறார்கள். முதல் வாரத்தில் அறுபத்திரண்டு வீடு. ஒன்பது வீட்டில் நம்பர் எழுதிய தாள் இருந்தது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல், ஒரு வீட்டில் மாமியாரின் பர்ஸுக்குள். அந்த ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். வீட்டு ஆட்களையும் பரிசோதிக்கிறார்கள். உங்கள் பட்டறையிலும் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 12
ஐந்தும். இரண்டு தடவை வலிப்பு வந்தது. இப்போது அடங்கியிருக்கிறது.


ஆகஸ்ட் 14

போன்காரி,

கசக்கிறது என்று குட்டியிடம் சொல். அம்மாவுக்கும் கசக்கிறதாம், ஆனாலும் விழுங்கிவிட்டாளாம் என்று சொல். காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் சொல்.

ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று அடித்துக்கொண்டிருந்திருப்பாள், அவளை யாரும் திட்ட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்.

உன் அண்ணன் ஏன் விட்டார் என்று இப்போது தெரிகிறது. காலையில் போட்டால் மத்தியானம் வரைக்கும் தரை ஆடுகிறது. குடலைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி வாந்தி. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவள் நேற்று இரண்டு மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தாள். நான் எறியவில்லை. குட்டி எழுந்து வருகிறபோது அவளைத் தூக்குவதற்கு எனக்கு நோயில்லாத உடம்பு வேண்டும். அதற்காகத்தான் விழுங்குகிறேன். வேறு எதற்கும் இல்லை.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்றுதான் நான் படுக்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 17, காலை ஏழு மணி

அண்ணி,

இந்தச் சீட்டை ஆயாவிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் எதிரில் வந்து நின்றால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதிக்கொள்கிறேன்.

நேற்று மாலைச் சீட்டில் 'தூங்குகிறாள்' என்று எழுதியிருந்தேன். தூக்கம் இல்லை அது. மத்தியானமே நினைவு போய்விட்டது. எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக எழுதினேன். ஒரு இரவாவது நீங்கள் படுக்கட்டும் என்று நினைத்தேன். பொய் பொய்தான்.

இனி கண்ணால் பார்த்தது. ஐந்தரைக்கு மூச்சு மாறியது. டாக்டரும் இரண்டு நர்ஸும் வந்தார்கள். அரை மணிக்கு மேல் போராடினார்கள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு நின்றுவிட்டது. குட்டி போய்விட்டாள், அண்ணி. முகம் சுளிக்கவில்லை, அழவில்லை. வலது பக்கம்தான் படுத்திருந்தாள். என் கை அவள் முதுகில் இருந்தது. முகத்தைத் துடைத்து, தலை வாரிவிட்டேன். மார்ச்சில் யாராவது வந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டில் நேரம் எழுதப் போய்விட்டார். வரவிடாமல் செய்தவள் நான், எனக்குப் பதில் வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு உங்களுக்கு மாத்திரை. இன்று வேண்டாம் என்பீர்கள். யாருக்காகப் போட வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை, அண்ணி. திட்டுங்கள், அடிக்க வேண்டும் என்றால் அடியுங்கள், எவ்வளவு நேரமானாலும் நான் அங்கேயே நிற்கிறேன். மாத்திரையை மட்டும் விழுங்கிவிடுங்கள். உங்களை வெளியே கூட்டிப்போக டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நீங்கள் விழுங்கியதும் இரண்டு பேருமாகப் போய் அவளைப் பார்ப்போம்.